இடது இமையின் சிவப்புக் கோடு

மகளின் இமைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமையன்று கில்ஜா தன் இடது தோளைக் கண்டு முதன்முறையாக அஞ்சினாள்.

அந்தத் தோள் ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவளுடன் இருந்து வந்தது. அதன் மேற்புறத்தில், பள்ளிப் பருவத்தில் போடப்பட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு ஓர் அவரை விதையின் அளவுக்குத் தடித்து, இளஞ்சிவப்பாக மினுமினுத்தது. ஊசி முனையைச் சுடரில் ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த பிள்ளையின் தோளில் குத்திய காலம் அது. ஆகவே அவள் வயதினர் அனைவரும் அதனை நெருப்பூசி என்றே அழைத்தனர். நெருப்பூசியின் அடையாளம் இல்லாத தோள் அவள் தலைமுறையில் அரிது. கொப்பூழைப் போல அதுவும் உடம்போடு வந்த ஒன்று என்றே யாவரும் கருதினர். கில்ஜாவும் அவ்வாறே கருதினாள்.

புசான் துறைமுகத்தை அடுத்த ஒரு பொதுக் குளியலகத்தில், பெண்கள் பகுதியில், அவள் உடல் தேய்ப்பவளாகப் பணியாற்றினாள். வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் ஊறிய பெண்கள் அவளுடைய ரப்பர் விரிப்பிட்ட மேசையில் வந்து படுப்பார்கள். அவள் சொரசொரப்பான பச்சை உறைகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து குதிகால் வரை, இறந்த தோலைச் சாம்பல்நிறத் திரிகளாக உருட்டி எடுப்பாள். அத்தொழிலின் சீருடை கறுப்பு உள்ளாடைகள் மட்டுமே. ஆதலால் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுடைய தோள் ஊரறியத் திறந்தே இருந்தது. ஒருவரும் அதிலிருந்ததைத் தழும்பு என்று சொன்னதில்லை.

அன்று மேசையில் படுத்திருந்தவர் திருமதி பியோ. சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவர். கில்ஜாவை விட எட்டு வயது மூத்தவர். அவருடைய அடிவயிற்றில், பேறுகாலத்தில் கத்தி வைத்த இடத்தில், மண்புழு ஒன்று தோலுக்கடியில் படுத்திருப்பதைப் போன்ற தடிப்பு இருந்தது.

"அந்தப் பக்கம் கை வைக்காதடி, இன்னிக்கு ரொம்ப அரிக்குது."

"தெரியும்க்கா. பதினஞ்சு வருஷமா அதைச் சுத்திக்கிட்டுதானே போறேன்."

"சரி, உன் மக கண்ணு எப்படி இருக்கு? வீக்கம் வடிஞ்சுதா?"

"வடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கு. இமையில மடிப்பு மட்டும் போதும்னு நான் சொன்னேன். அவதான் கண்ணோட உள்முனையையும் திறந்து விடணும்னு ஒத்தைக் காலில நின்னா."

"முனையிலயும் கத்தி வச்சாங்களா?" திருமதி பியோ கழுத்தைத் திருப்பி, கில்ஜாவின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார். "உன் நெருப்பூசியும் என்னுது மாதிரியேதான் இருக்கு, பாத்தியா? என் வயித்தைக் கிழிக்கும்போது டாக்டர் முதல்ல கேட்டதே அதைத்தான். ஊசி போட்ட இடம் தடிச்சிருக்கான்னாரு. ஆமான்னேன். அப்ப இதுவும் தடிக்கும்னாரு. தடிச்சுது. அப்புறம் என் பொண்ணு காது குத்திக்கிட்டா. அவளுக்கும் மொச்சைக்கொட்டை மாதிரி வந்து நின்னுச்சு. ரத்தத்துல வர்றதாம்."

கில்ஜாவின் கைகள் நின்றுவிட்டன.

"என்னடி, தூங்கிட்டியா? உடம்பு குளிருது."

அவள் ஒரு வாளி வெந்நீரை ஊற்றினாள். அந்நீரின் சூடு அவள் கைக்கு எட்டவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட படிவம் அவள் கண்முன் வந்து நின்றது. மகள் சேரின் பேனாவைச் சுழற்றியபடி ஒவ்வொரு வினாவாக உரக்கப் படித்தாள். மாத்திரை ஒவ்வாமை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, என்று வரிசையாகக் கேட்டுவந்தவள், ஓரிடத்தில், "அம்மா, நம்ம குடும்பத்துல யாருக்காவது காயம் ஆறின இடம் தடிச்சு வளருமா?" என்றாள்.

"நம்ம வீட்ல யாருக்கும் அப்படியெல்லாம் கிடையாது," என்று கில்ஜா விடையளித்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தடித்த குளிர்கால மேலங்கிக்குள் அவரை விதை அப்போதும் இருந்தது. அது ஒரு விடையாக இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

சேரினுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி நுழைவுத்தேர்வு முடிந்த கையோடு கண்கள் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைத்துத் தைத்துக்கொள்வது அவள் வகுப்பில் பாதிப்பேர் செய்த காரியம். ஆயினும் சேரினிடம் அதற்கென்று தனிக் காரணம் இருந்தது. அவளுக்குப் பல் சுகாதாரப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது.

"நாள் பூரா முகக்கவசம் போட்டுக்கிட்டுதான் நிக்கப்போறேன்," என்று அவள் தாயிடம் வாதிட்டாள். "மூக்கு தெரியாது, வாய் தெரியாது. நாற்காலியில படுத்திருக்கறவங்க என் கண்ணை மட்டும்தான் பாப்பாங்க. என் மூஞ்சியே அவ்வளவுதான். அது உண்டியல்ல காசு போடற கீறல் மாதிரி இருக்கணுமா?"

அந்த வாதத்தைக் கேட்டுச் சிரித்த கில்ஜா, இப்போது பேருந்தில் நின்றவாறு அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். அந்தக் கண்ணோரத்தில் மொச்சைக்கொட்டை முளைத்தால், மகளுக்கு எஞ்சுவது அது ஒன்றே.

அவள் வீடு திரும்பியபோது சேரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வீக்கம் வடிவதற்கான பூசணிச் சாற்றுப் பையை மூக்கைச் சுளித்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நெற்றி முடி ஒரு பட்டைக்குள் அடங்கியிருந்தது. பிற்பகல் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

முதல் வாரத்தில் அம்முகம் வேறொருவருடையதாக இருந்தது. இமைகள் வேகவைத்த கொழுக்கட்டைகளைப் போல உப்பியிருந்தன; அவற்றின் குறுக்கே கறுப்பு நூல் ஓடியது. உறங்கும்போது கண்கள் முழுமையாக மூடாமல் வெண்விழி கோடாகத் தெரிந்தது. ஆறாம் நாள் தையலைப் பிரித்தனர். ஊதா நிறக் கன்றல் கன்னத்துக்கு இறங்கி, மஞ்சளாகி, மறைந்தது. இந்த மூன்றாம் வாரத்தில் வலது இமையின் மடிப்பு நூலிழையைப் போல அடங்கியிருந்தது. இடது இமையும் அவ்வாறே இருந்தது. ஆனால் அதன் உள்முனையில், அரிசியளவு நீளத்துக்கு, ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நேற்றும் அது இருந்தது. நேற்று அவள் அதைப் பார்த்து அஞ்சவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்குற? மீன் வாங்கறதுக்கு முன்னாடி செவுளைத் தூக்கிப் பாக்கற மாதிரி."

"இடது பக்கம் இன்னும் சிவப்பா இருக்கே."

"மூணு மாசம் இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? எல்லாருக்கும் ஒரு பக்கம் மெதுவாத்தான் ஆறும். சும்மா இரு."

சேரினின் தோளைப் பார்த்துவிட்டால் போதும் என்று கில்ஜாவுக்குத் தோன்றியது. சேரினின் தலைமுறைக்கு நெருப்பூசி இல்லை. அதற்குப் பதிலாக ஒன்பது சிறு ஊசிமுனைகள் கொண்ட முத்திரையைத் தோளில் இருமுறை அழுத்துவார்கள். பதினெட்டுப் புள்ளிகள் பதியும். அவை தட்டையாக இருந்தால் மகள் தப்பித்தாள். தடித்திருந்தால் தாயின் இரத்தம் அவளுக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் அப்புள்ளிகள் எப்படியிருந்தன என்பது அவளுக்கு நினைவில்லை. எத்துணை முயன்றும், பிறர் தோள்கள் ஆயிரக்கணக்கில் வந்து அந்த ஒரு தோளை மறைத்தன.

பன்னிரண்டு வயது வரை சேரின் அவளுடன் குளியலகத்துக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வகுப்புத் தோழியின் தாய், உள்ளாடையோடு நின்ற கில்ஜாவிடம், தேய்ப்பவளை எல்லாரும் அழைப்பதைப் போல, "சித்தி, எனக்கு அடுத்து என் மகளையும் தேய்ச்சு விட்டுருங்க," என்றாள். அருகில் வாளியுடன் நின்றிருந்த அந்தத் தோழி சேரினைப் பார்த்தாள். அதன்பின் சேரின் வரவில்லை. வீட்டிலும் தாழிட்டே குளித்தாள். கில்ஜா தன் மகளின் தோலைக் கண்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"தோளைக் காட்டு" என்ற ஒரு சொல் அவள் நாவின் நுனி வரை வந்தது. ஏன் என்று மகள் கேட்பாளே! படிவத்தில் இருந்த வினாவை அவளும் படித்தவள்தானே! கில்ஜா அச்சொல்லை விழுங்கிவிட்டுப் பூசணிச் சாற்றின் வெற்றுப் பையைக் குப்பையில் போட்டாள்.

*

அந்த வாரம் முழுவதும் அவள் தோள்களையே பார்த்தாள். தாயும் மகளுமாக வருபவர்களை வாசலிலேயே கண்டுகொண்டாள். தாயின் தோள் தட்டையாக இருந்தால் அவர்களை விட்டுவிடுவாள். தடித்திருந்தால், மகள் நீருக்குள்ளிருந்து எழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குத் தாயைப் போலவே இருந்தது. ஒரு பேருந்து ஓட்டுநரின் மனைவிக்குத் தடிப்பு இருந்தும் அவள் மகளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமையன்று இரட்டைப் பிள்ளைகளோடு ஒருத்தி வந்தாள். பிள்ளைகளில் ஒருத்திக்கு இருந்தது, மற்றவளுக்கு இல்லை. அன்று கில்ஜாவால் மதிய உணவை உண்ண இயலவில்லை.

அச்சத்துக்கு ஒரு வேலை கொடுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலையோ ஒன்றுதான். பாறையாய் இறுகிய குதிகால்களையும், கறுத்துத் தடித்த முழங்கைகளையும் அவள் தன் கைகளால் பிஞ்சுத் தோலாக மாற்றியிருக்கிறாள். தடித்த தோல் என்பது கைக்கு அடங்கும் பொருள். அது அவளுடைய இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் சொன்ன உண்மை.

சனிக்கிழமையன்று அவள் தழும்புக்கான களிம்பு ஒன்றை வாங்கி வந்தாள். மெல்லத் தடவ வேண்டும் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னதை அவள் கேட்டாள். மெல்ல என்பதன் அளவை மட்டும் தன் கையைக் கொண்டே முடிவு செய்துகொண்டாள்.

"இங்க வந்து என் மடியில தலையை வை."

"எதுக்கு?"

"களிம்பு. சீக்கிரம் ஆறுமாம்."

சேரின் ஒரு கணம் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபேச்சின்றித் தரையில் படுத்து, தாயின் மடியில் தலையை வைத்தாள். அந்தத் தலையின் கனத்தைக் கில்ஜா மறந்தே போயிருந்தாள். வலக் கட்டைவிரலில் களிம்பைத் தொட்டு, இடது கண்ணின் உள்முனையிலிருந்து வெளிப்புறமாக, தொழிலில் தேய்ப்பதைப் போலவே ஒரே திசையில், சீராகத் தேய்க்கத் தொடங்கினாள்.

"வலிக்குதும்மா."

"வலிச்சாத்தான் கரையும்."

அன்றிலிருந்து நாள்தோறும் பிற்பகலில், வேலையிலிருந்து வந்து கைகளைக் கழுவியதும், மகளை மடியில் கிடத்தினாள். நான்காம் நாள் கோடு மேலும் சிவந்தது. இரத்தம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று கில்ஜா எண்ணினாள். மறுநாள் இருமடங்கு நேரம் தேய்த்தாள். எட்டாம் நாள் கோடு மேடாகியது. அவள் விரலுக்கு அது தெரிந்தது. தேய்த்து முடித்த பின்னரும் மீண்டும் மீண்டும் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் அது இறுகியது. வெந்த வாற்கோதுமை மணி ஒன்றைத் தோலுக்கடியில் செருகிவைத்தாற்போல, பளபளப்பாக, தன் தோளின் அதே இளஞ்சிவப்பில், அது அங்கே உட்கார்ந்திருந்தது.

வந்துவிட்டது, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் கொடுத்துவிட்டேன்.

சேரின் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். முன்பெல்லாம் கைப்பேசியில் நாளுக்கு முப்பது முறை தன் கண்ணைப் படம் எடுத்தவள், இப்போது படம் எடுக்கும்போது இடது பக்கத்தை முடியால் மூடினாள். அதைக் கண்ட அன்றே கில்ஜா மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தாள்.

*

காத்திருப்போர் கூடத்தில் ஒட்டுப்பட்டை போட்ட மூக்குகளும், கறுப்புக் கண்ணாடிகளும், தாய்மார்களும் நிறைந்திருந்தனர். ஆலோசனைப் பிரிவிலிருந்த பெண் புன்னகையுடன் வாற்கோதுமைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கில்ஜா அதைத் தொடவில்லை. உள்ளே மருத்துவர் தாக், கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, சேரினின் இமையை ஒரு பஞ்சுக் குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கில்ஜா தன் மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வலது கண்ணு ஆறு வாரத்துக்கு எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்கு," என்றார் அவர். "இடது கண்ணைத்தான் யாரோ தேய்ச்சிருக்காங்க."

"நான்தான் டாக்டர்," என்று சேரின் உடனே சொன்னாள். "தூக்கத்துல. அரிச்சுது."

"தூக்கத்துல தேய்ச்சா குறுக்கும் நெடுக்குமாத் தேய்ப்பீங்க. இது உள்ளேருந்து வெளியே, தினமும், ஒரே பக்கமா நடந்திருக்கு. தூங்கிக்கிட்டே இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யறவங்களை நான் பாத்ததில்ல."

"என் தூக்கம் அப்படித்தான். ரொம்ப ஒழுங்கு."

சேரின் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. மகள் தனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது கில்ஜாவுக்குப் புரிந்தது. அவள் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். உள்ளிருந்த கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்து இடது தோளை வெளியே எடுத்தாள். நாள்தோறும் நூறு பேர் முன்னிலையில் திறந்து கிடக்கும் அத்தோளை, அந்தச் சிறிய அறையில், உடையணிந்த ஒரு மனிதர் முன் காட்டும்போது அவளுக்கு உடல் கூசியது.

"நான்தான் தேய்ச்சேன் டாக்டர். குளியலகத்துல தேய்க்கறது என் தொழில். அன்னிக்குப் படிவத்துல இல்லைன்னு எழுதச் சொன்னதும் நான்தான். இது எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு... இது கணக்குல வரும்னு எனக்குத் தெரியல. என் ரத்தம்தான் அவளுக்கு வந்திருச்சு. தேய்ச்சா கரைஞ்சிரும்னு நெனச்சேன்."

மருத்துவர் தழும்பைப் பார்த்தார். அவருடைய முகத்தில் சினம் தோன்றியதா, சலிப்பு தோன்றியதா என்று அவளால் கூற இயலவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா முனையைத் தொடறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன்." அவர் சேரினிடம் திரும்பினார். "உங்க தோளைக் காட்டுங்க."

சேரின் அசையவில்லை.

"காட்டு," என்றாள் கில்ஜா.

சேரின் சட்டையின் மேற்பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, துணியைத் தோளிலிருந்து இறக்கினாள். கில்ஜா கண்களை மூடிக்கொண்டாள். மூடிய கண்களுக்குள் ஆலைப் பெண்ணின் தோள் வந்தது. இரட்டையரில் ஒருத்தியின் தோள் வந்தது. மருத்துவரின் நாற்காலிச் சக்கரம் தரையில் உருளும் ஓசை கேட்டது.

"பாருங்கம்மா."

அவள் பார்த்தாள். ஒன்பதும் ஒன்பதுமாகப் பதினெட்டுப் புள்ளிகள். வெளிறி, தட்டையாக, தொட்டால்கூடத் தெரியாத அளவுக்குத் தோலோடு தோலாக அவை இருந்தன. மழைத்துளி விழுந்து காய்ந்த மணலில்கூட இதனினும் ஆழமான அடையாளம் இருக்கும்.

"இவங்க தோல் உங்க தோல் இல்ல," என்றார் மருத்துவர். "இமைத் தோலும் தோள் தோலும்கூட ஒண்ணு கிடையாது. இமையில அந்த மாதிரி வளர்றது ரொம்ப அபூர்வம். விட்டிருந்தா இடது கண்ணும் வலது மாதிரியே ஆறியிருக்கும்."

கில்ஜாவுக்கு மூச்சு வந்தது. ஒரு மூச்சுதான் வந்தது. அடுத்ததற்குள் அவர் சொன்னதன் மறுபாதி அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப இது..."

"உங்க கை. ரத்தம் இல்ல."

தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று அவள் பார்த்தாள். அவை இருபுறமும் தொங்கிக்கொண்டிருந்தன. வெந்நீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள். அவளையும் மகளையும் சோறு போட்டுக் காத்த விரல்கள்.

"போயிருமா டாக்டர்?"

"யாரும் தொடாம இருந்தா மூணு மாசத்துல நிறைய அமுங்கும். நான் தர்ற களிம்பை அவங்களே தடவிக்கட்டும், விரல் நுனியால. முழுசாப் போயிருமான்னு கேட்டா, இப்ப என்னால சொல்ல முடியாது. அமுங்கலைன்னா சின்னதா ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம். அதுக்கும் அதோட பயம் இருக்கு. தோல் குழியலாம்."

*

திரும்பும் பேருந்தில் இருவரும் கடைசி இருக்கையில் அமர்ந்தனர். வண்டி பாலத்தின் மேல் ஏறியதும் கில்ஜா மகளின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி சொல்லல? வலிக்குது, நிறுத்துன்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே, முதல் நாளே."

"அதுக்கப்புறம் சொல்லல."

சேரின் சன்னலின் பக்கம் பார்த்தாள். "உன் கை நடுங்கிச்சும்மா. நீ எத்தனை பேரைத் தேய்க்கற, உன் கை நடுங்கி நான் பாத்ததே இல்ல. எதையோ நெனச்சுப் பயந்துட்டேன்னு தெரிஞ்சுது. வேணாம்னு சொன்னா இன்னும் பயந்துருவியோன்னு படுத்துக்கிட்டேன்." தாயின் பக்கம் திரும்பி, "சரி, நீ ஏன் கேக்கல? தோளைக் காட்டுன்னு கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே," என்றாள்.

"கேட்டா ஏன்னு கேப்ப."

"ஆமா, கேப்பேன். அப்புறம் ரெண்டு நாள் திட்டுவேன். கண்ணு தப்பிச்சிருக்கும்."

கில்ஜா தன் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் அது அவளுக்கு வழக்கமாயிற்று. வீட்டில் மகளின் எதிரே அமரும்போதெல்லாம் கைகள் தொடைக்கடியில் போயின. ஏனெனில் அவ்விரல்கள் அவளைக் கேட்காமலேயே எழக்கூடும் என்று அவள் அஞ்சினாள். மேட்டைத் தொட்டுப் பார், இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று பார் என விரல் நுனிகள் அரித்தன. சேரின் மார்ச் மாதத்தில் கல்லூரிக்குச் சென்றாள். முதல் செய்முறை வகுப்பில் முகக்கவசத்தோடு நின்றபோது, இணையாக நின்ற பெண் அவளிடம், "உன் கண்ணோரத்துல சோறு ஒட்டியிருக்கு," என்றாளாம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதை மதியத்துக்கு வச்சிருக்கேன்னு சொன்னேன்."

சேரின் சிரித்தாள். கில்ஜாவும் சிரிக்க முயன்றாள்.

ஏப்ரல் மாதத்தில் மேட்டின் மினுமினுப்பு குறைந்தது. அது உண்மையா, தன் ஆசையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சில நாட்கள் அது சிறுத்துத் தோன்றியது. வேறு சில நாட்கள் பழையபடி எழுந்து நின்றது. தன்னால் அளக்க இயலாதபடி, தன் கைக்கு எட்டாத இடத்தில், தன்னால் நேர்ந்த ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதை அவள் நாள்தோறும் மேசையின் மறுபுறமிருந்து பார்த்தாள். அதைவிடக் கடினமான வேலையை அவள் செய்ததில்லை.

*

மே மாதத்தின் நடுவில், வாரநாள் ஒன்றின் முற்பகலில், குளியலகத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. கில்ஜா மேசையைக் கழுவி வாளியைக் கவிழ்த்தபோது, வெந்நீர்த் தொட்டியின் ஆவிக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். மார்பை ஒரு துவாலையால் மறைத்திருந்தாள்.

"சித்தி, அடுத்து யாராவது இருக்காங்களா?"

கில்ஜாவுக்கு அந்தக் குரலை அடையாளம் காண ஒரு கணம் ஆயிற்று.

"வகுப்பு இல்லையா?"

"இன்னிக்கு இல்ல. டாக்டர் ஆவி படலாம்னு சொல்லிட்டாரு. என் முதுகுல ஏழு வருஷ அழுக்கு இருக்கு. என் கை எட்டல."

அவள் மேசையில் ஏறி மல்லாந்து படுத்தாள். கில்ஜா குனிந்தாள். அந்தக் கண்ணை இத்துணை அருகில் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. மடிப்பு இரு இமைகளிலும் ஒன்றுபோல் இருந்தது. கண்கள் முழுமையாக மூடின. ஆனால் இடது கண்ணின் உள்முனையில் வாற்கோதுமையின் பாதி இன்னும் இருந்தது. அது இரத்தச் சிவப்பாக எரிந்தது.

"ஐயோ, மறுபடி சிவந்திருச்சே! எந்திரி, எந்திரி, வெளியே போ. உனக்கு யாரு ஆவியில வரச் சொன்னது?"

"அம்மா."

"எந்திரின்னு சொல்றேன்ல?"

"அம்மா, உன் தோளைப் பாரு."

கில்ஜா திரும்பிச் சுவரிலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். ஆவி படிந்த கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். அவளுடைய நெருப்பூசித் தழும்பும் அதே நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஆவிக்குள் நுழையும்தோறும் அது சிவந்து, வெளியேறும்தோறும் வெளிறியிருக்க வேண்டும். அவள் அதைக் கவனித்ததே இல்லை.

"சூட்டுல எல்லாம் சிவக்கும். வெளியே போனா வெளுத்துரும்," என்றாள் சேரின். "பாதி இருக்கு, தெரியும். டாக்டர் இனிமே இது இவ்வளவுதான், ஊசி வேணாம்னு சொல்லிட்டாரு. நானும் வேணாம்னுட்டேன். தேய்க்கறியா இல்லையா? எனக்குக் குளிருது."

தேய்ப்பதற்கு முன் படுத்திருப்பவரின் கண்களின் மேல் ஈரத் துணியொன்றை மடித்து வைப்பது அத்தொழிலின் முறை. நீர் தெறித்துக் கண்ணுக்குள் போகாமல் இருக்க அவ்வாறு செய்வார்கள். கில்ஜா துணியை நனைத்தாள், பிழிந்தாள், நான்காக மடித்தாள். மகளின் முகத்துக்கு மேலே கொண்டுசென்ற கை அங்கேயே நின்றது.

அவள் அத்துணியைச் சேரினின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ."

சேரின் அதைத் தன் கண்களின் மேல் வைத்துக்கொண்டாள். கில்ஜா பச்சை உறைகளை மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து தொடங்கினாள். ஏழு ஆண்டுகளின் தோல் சாம்பல்நிறத் திரிகளாக உருண்டு வந்தது. அவள் கை கழுத்தைக் கடந்து இடது தோளுக்கு வந்தது. அங்கே அந்தப் பதினெட்டுப் புள்ளிகள் இருந்தன. அவற்றால் ஒரு தீங்கும் இல்லை என்று மருத்துவர் தம் வாயாலேயே சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும்.

தெரிந்திருந்தும், திருமதி பியோவின் வயிற்றுத் தழும்பைச் சுற்றிச் செல்வதைப் போலவே, அவள் கை அப்புள்ளிகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு சென்றது.